அரசவைக்குப் போன கோரைப்பாய்

அரசர்களுக்குப் பொழுது போகாத ஒரு காலத்தில், ஒரு நாட்டில், குழைக்காதர் என்ற விகடகவி இருந்தார். அரண்மனையில் அவருக்கு மாலையில்தான் வேலை. பகலில் அவர் ஊரார் நடத்திய கல்விச் சபையின் தலைவர்; பள்ளியில் பாடம் சொல்பவரும் அவரே.

கட்டடம் இல்லாமல் தொடங்கிய சபை அது. நீளக் கோரைப்பாயை விரித்தால் பள்ளிக்கூடம். சுருட்டினால் இல்லை. பின்னால் கூடம் கட்டினார்கள். பாய் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அந்தக் கூடத்தின் மேல் அமைச்சர் மழவராயருக்கு ஒரு கண். தம் மைத்துனரைத் தலைவராக்கி, அதை நெற்களஞ்சியமாக்க நினைத்தார். சபையின் விதிகளைத் துருவினார். விழா நாள் தவிர மற்ற நாளில் பள்ளி நடத்தாவிட்டாலும், பாடத்தின் நடுவே பள்ளியை விட்டுப் போனாலும் தலைவர் பதவி இழப்பார் என்றிருந்தது.

"மன்னா, குழைக்காதர் எந்த உரிமையில் தலைவராக இருக்கிறார் என்று தாங்கள் விசாரிக்க வேண்டும். நாளை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை," என்றார் அரசரிடம்.

அரசருக்கு உற்சாகம் பிறந்தது. "விகடகவி வழக்கில் நிற்பதைப் பார்ப்போம். வராவிட்டால் நாடு கடத்துவோம்."

சேவகன் வந்து சொன்னதும் குழைக்காதருக்குப் புரிந்தது. போனால் கூடம் நெல்லுக்குப் போகும். போகாவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டும். மறுநாள் விடியலில், மாணவர்களுக்குத் தலைவனான சட்டாம்பிள்ளை சடையனைக் கூப்பிட்டார்.

"பாயத் தூக்குடா. எல்லாரும் என் பின்னால வாங்க."

"விடுமுறைங்களா ஐயா?"

"இடம் மாத்தம்டா."

அரியணைக்கு எதிரே பாய் விரிந்தது. பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார்கள்.

"பாட நேரத்தில் பள்ளியை விட்டு வந்துவிட்டார். பதவி போயிற்று, மன்னா!" என்றார் மழவராயர்.

"விட்டு வரவில்லை, மன்னா. கொண்டு வந்திருக்கிறேன். பாய் விரித்த இடம்தான் பள்ளி. தொடங்கிய நாள் முதல் அதுவே எங்கள் வழக்கம்."

"ஏமாற்று வேலை!" மழவராயர் ஆத்திரத்தில் பாய்மேலேயே வந்து நின்றார்.

"ஐயா, பாயில ஏறினா கைகட்டித்தான் பேசணும்," என்றான் சடையன்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தலைவர் குழைக்காதரே என்று தீர்ப்புச் சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

குழைக்காதர் பிள்ளைகளைப் பார்த்தார். யாரும் வாய்ப்பாடு சொல்லவில்லை. மழவராயர் முகம் சுருங்குவதையே பார்த்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் அப்படியொரு ஒளி. அதைத்தான் அவர் இத்தனை காலம் கணக்குப் பாடத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூடத்தில் பாய் இல்லை. வாசலில் பிள்ளைகள் அதைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சடையன் அழுதுகொண்டிருந்தான். அவன் எதிரே கூடப் படிக்கும் செங்கமலம், இடுப்பில் கை வைத்தபடி.

"எந்த உரிமையில நீ சட்டாம்பிள்ளை? பாயச் சுருட்டியாச்சு. பள்ளிக்கூடமே இல்ல. சட்டாம்பிள்ளை மட்டும் ஏது?"

மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாய விரி, தாயி. பாடம் இருக்கு," என்றார் குழைக்காதர்.

"விரிக்கச் சொல்ல நீங்க யாருங்கய்யா? பள்ளிக்கூடம் இல்லன்னா தலைவரும் இல்லையே."

அன்று பொழுது சாயும்வரை பாய் விரியவில்லை.

மாலையில் அரசர் இதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உம்மையே மிஞ்சிவிட்டாள்!" என்று செங்கமலத்துக்குப் பொன் வளையல் கொடுத்தனுப்பினார்.

"ஆம், மன்னா," என்றார் குழைக்காதர்.

அன்று பள்ளி நடக்கவில்லை. விதிப்படி அவர் பதவி இழந்திருந்தார். வழக்குத் தொடுக்கத்தான் ஆளில்லை. மழவராயர் உட்பட அரசவை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது.