லாபம் வைக்காத வண்டி

ஆறுச்சாமி என்றொரு சீடர் இருந்தார். அறுபதைத் தொட்டுவிட்டவர். அவருடைய குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் ஜெசிந்தா.

குருவை அவர் முதலில் பார்த்தது செல்போனில். சிறுதொழில் தொடங்குவது எப்படி, வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி, விலை வைப்பது எப்படி என்று ஜெசிந்தா சின்னச் சின்ன இணையப் பாடங்கள் நடத்தினார். கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும்.

ஆறுச்சாமி மில் சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. மில் கேட்டில் சங்கத்தார் நின்று கொடுத்ததை வாங்கிப் படித்தார். பிறகு தானே எழுதி, தானே நின்று கொடுத்தார். ஒரு நாள் மில்லை மூடினார்கள். நிலுவைக்காக நடையாய் நடந்தவர்களில் பாதிப்பேர் நடந்தே செத்தார்கள். அப்புறம் மில்லையும் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். சங்கக் கொடிக்கம்பம் இருந்த இடத்தில் இப்போது புல் வளர்த்திருக்கிறார்கள். நாய்களைக் காலாற நடக்கவிடுவதற்கு.

துண்டுப்பிரசுரம் படித்த பழக்கத்திலேயே அவர் பாடங்களையும் படித்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே ஆட்சேபணை எழுதினார். 'வாடிக்கையாளரே ராஜா' என்ற பாடத்துக்கு, 'ராஜாக்களை ஒழித்து எத்தனை வருஷம் ஆகிறது, தங்களுக்குத் தெரியாதா?' என்று எழுதினார். செலவோடு லாபத்தைச் சேர்த்தால் விலை என்ற பாடத்துக்கு, 'லாபம் என்பது கொடுக்காமல் விட்ட கூலி. இந்தப் பாடத்தைப் படிக்க மறுக்கிறேன்' என்று எழுதினார்.

ஜெசிந்தா பதில் எழுதினார்: 'மறுத்தாலும் பரீட்சை உண்டு, தோழர்.'

அப்படி அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆறுச்சாமி அந்தப் பெண்ணைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் ஜெசிந்தா ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்திருப்பார். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து கேட்கலாம். அந்தச் சனிக்கிழமை ஆறுச்சாமி வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டீச்சர், தொழில்ல ஆளு நிக்க மாட்டேங்குது."

"எத்தனை ஆளு வெச்சிருக்கீங்க?"

"ஒரே ஆளு."

"யாரு?"

"என் சம்சாரந்தான்."

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தார்.

ஆறுச்சாமி சந்தகை வண்டி போட்டிருந்தார், அதே மில் கேட்டுக்கு எதிரே. இப்போது அது அடுக்குமாடியின் கேட்டு. அரிசியை ஊறவைத்து ஆட்டுவது, உருண்டை உருண்டையாக அவிப்பது, அவித்ததைச் சூடு ஆறுமுன் மெஷினில் போட்டுச் சுற்றி நூல் நூலாகப் பிழிவது, எல்லாம் மயிலாத்தாள். பொட்டலம் கட்டுவதும் பேசுவதும் ஆறுச்சாமி. வியாபாரத்துக்குக் குறைவில்லை. காலையில் வரிசை கேட்டுக்குள் வரை நிற்கும்.

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"திங்கக்கெழமையில இருந்து அந்த அபார்ட்மெண்ட்டுக்கே வீட்டு வேலைக்குப் போறாளாமா. சந்தகை வாங்க வந்த ஒரு அம்மா கூப்பிட்டிருக்குது. இவளும் சரின்னுட்டா." ஆறுச்சாமியின் குரல் இறங்கியது. "நான் கொடி புடிச்ச மண்ணுங்க அது. அங்க என் சம்சாரம் தரை தொடைக்கறதா?"

"அக்கா என்ன சொல்றாங்க?"

"முடியலைங்கறா. இங்க முடியாதவளுக்கு அங்க மட்டும் எப்படி முடியும்? அவ போயிட்டா வண்டி நின்னுபோச்சு, டீச்சர். எனக்கு மெஷினைச் சுத்தத் தோள்பட்டை இல்ல. ஸ்ட்ரைக்குலயே போலீஸ்காரன் முறிச்சுட்டான்." கொஞ்சம் தயங்கினார். "பணியாளரை ஊக்கப்படுத்துறது எப்படின்னு நீங்க ஒரு பாடம் போட்டிருக்கீங்கல்ல? அதை அவளுக்குப் போட்டுக் காட்டட்டுங்களா?"

"அது மொதலாளிங்களுக்கு எடுத்த பாடம், தோழர்."

"அப்ப வேண்டாம்" என்றார் ஆறுச்சாமி உடனே.

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நாள் நான் உங்க வண்டிக்கு வேலைக்கு வரட்டுமா?"

"நீங்களா? டீச்சருங்க நீங்க."

"கூலி குடுப்பீங்கல்ல?"

ஆறுச்சாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெசிந்தா வந்துவிட்டார். வண்டியின் நெற்றியில் சிவப்புப் பெயிண்டில் ஆறுச்சாமி கைப்பட எழுதிய பலகை தொங்கியது: 'இங்கே லாபம் வைப்பதில்லை.' சுவரெழுத்து எழுதிப் பழகிய கை. எழுத்து தூரத்திலேயே தெரிந்தது.

மயிலாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"செல்லுல பேசுற டீச்சரா நீங்க? குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"செல்லுல அப்படித்தான் காட்டும், அக்கா."

"சீலையை இழுத்துச் செருகிக்குங்க கண்ணு. சூடு இருக்கறப்பவே சுத்திறோணும். ஆறுச்சுன்னா கல்லாட்டம் நின்னுக்கும்."

ஜெசிந்தா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். முதல் ஈடு எளிதாக இறங்கியது. அடுத்ததற்கு மூச்சு வாங்கியது. அதற்கடுத்ததற்கு உள்ளங்கை சிவந்தது. மயிலாத்தாள் ஆவி பறக்கும் பாத்திரத்திலிருந்து வெறுங்கையால் உருண்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஜெசிந்தா கையை உதறினால் சத்தமில்லாமல் வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

முன்னால் வரிசை நகர்ந்தது. காரை நிறுத்தி இறங்கியவர்கள், நாயோடு வந்தவர்கள், ஓடிவிட்டு வியர்வையோடு வந்தவர்கள். "இந்த விலைக்கு எப்படிக் குடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். ஆறுச்சாமி பலகையைக் காட்டி விளக்கத் தொடங்கினார். கேட்டவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பாதியிலேயே போய்விட்டார்.

திரும்பிய ஆறுச்சாமி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க டீச்சர். டீ நேரம்."

"இந்த ஈடு முடியட்டும்."

"முடியக் கூடாதுங்க. வேலை நடுவுல டீ, அது தொழிலாளியோட உரிமை. இந்த டீக்குன்னே நாங்க ஒரு ஸ்ட்ரைக் பண்ணியிருக்கறோம்."

அவரே எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கி வந்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியைத் துடைத்து ஜெசிந்தாவை உட்கார வைத்தார். "மயிலா, அந்த ஈடு ஆறிரப்போகுது, பாரு" என்றார்.

மயிலாத்தாள் கைப்பிடியைச் சுற்றினாள். ஜெசிந்தா மெதுவாக டீயைக் குடித்தார்.

வெயில் ஏறியபோது மாவு தீர்ந்தது. வரிசையும் கலைந்தது. ஜெசிந்தா கை கழுவிக்கொண்டு ஆறுச்சாமியின் முன்னால் வந்து நின்றார்.

"கூலி, தோழர்."

ஆறுச்சாமி தயாராக வைத்திருந்தார். நோட்டுகளை நீட்டினார்.

"அரை நாளைக்கு இவ்வளவா?"

"ஞாயித்துக்கெழமை வேலைக்கு ரெட்டைக் கூலி. நீங்க கேக்காமயே நான் குடுக்கோணும். அதுதானுங்க மொறை." அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷம் கேட்டதைத் தன் கையால் கொடுத்துப் பார்க்க ஒரு நாள் வாய்த்தது அவருக்கு.

ஜெசிந்தா வாங்கிக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"அக்காவுக்குக் குடுத்தாச்சா?"

மயிலாத்தாள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடியும் தோள் குலுங்கியது.

"அவ எதுக்குங்க டீச்சர்," என்றார் ஆறுச்சாமி, "அவ வீட்டு ஆளு."

சொன்ன வாயை அவரால் மூட முடியவில்லை.

போனஸ் பேச்சுவார்த்தையில் ஒருமுறை மானேஜர் சொன்னான், நீங்கெல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க, கணக்குப் பார்க்கலாமா என்று. அன்றைக்கு மேசையைத் தட்டி, 'வீட்டு ஆளுன்னா வீட்டுச் சாவியைக் குடு' என்று கேட்டவர் ஆறுச்சாமி. டீக்கடைகளிலும் வீடுகளிலும் பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னவர்களில் மயிலாத்தாளும் ஒருத்தி.

அவள் இப்போது சிரிக்கவில்லை. அவரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், அவ கூலியைச் சேர்த்தா விலை ஏறிருமுங்க."

"ஏறும்."

"சனங்க தலையில வெக்கறதுங்களா?"

"எந்தச் சனங்க?"

ஆறுச்சாமி கேட்டைப் பார்த்தார். ஒரு கார் வெளியே வந்து போயிற்று. காவலாளி அதற்குச் சல்யூட் அடித்தான்.

"நீங்க லாபம் வைக்கலை, தோழர். அது உண்மை" என்றார் ஜெசிந்தா. "அக்காவோட கூலி அப்ப எங்க போச்சு?"

ஆறுச்சாமி மாடி மாடியாக நிமிர்ந்து பார்த்தார். எல்லா வீட்டிலும் காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். பொட்டலம் பொட்டலமாக அவரே கட்டிக் கொடுத்தது. ஒவ்வொன்றிலும் மயிலாத்தாளின் கூலியையும் சேர்த்துக் கட்டியது.

பிறகு பலகையைக் கழற்றினார். எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி வண்டிக்கடியில் செருகினார். மயிலாத்தாள் எதிரே வந்து நின்றார். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போனவர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை.

"மயிலா, உன்ற கோரிக்கை என்ன?"

"என்னதுங்க?"

"கோரிக்கை. என்ன வேணும், சொல்லு."

"ஏனுங்க, வெயில்ல நின்னு தலை சுத்துதுங்களா?"

"கேக்கறனில்ல. சொல்லு புள்ள."

மயிலாத்தாள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா செருப்பு வாரை மாட்டுவதில் கவனமாக இருந்தார். மயிலாத்தாள் கையை முந்தானையில் துடைத்தாள். ஸ்ட்ரைக் காலமெல்லாம் கஞ்சித் தொட்டியில் கரண்டி பிடித்தவள். கோரிக்கை எப்படி வைப்பது என்பதை அவள் ஓரமாக நின்று நிறையக் கேட்டிருக்கிறாள்.

"செவ்வாக்கெழமை வண்டி போடக் கூடாது. எனக்கு லீவு."

"ம்."

"கூலி எவ்வளவுன்னு நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லுவேன். அந்த அம்மா தரேன்னதுக்குக் குறையாதுங்க."

"ம்."

"ஒரு ஸ்டூல் வேணுமுங்க. ஒசரமா. ஒரு ஈடு வேகற வரைக்குமாச்சும் உக்காரோணும். முட்டி ரெண்டும் என்னுதில்ல இப்ப." நிறுத்தினாள். "அவ்வளவுதானுங்க. முடியாதுன்னா சொல்லீருங்க, திங்கக்கெழமை நான் அங்க போயிக்கறேன். உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க."

'யோசித்துச் சொல்கிறோம்' என்ற பதில் ஆறுச்சாமியின் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனை தடவை நிர்வாகம் அதைச் சொல்லக் கேட்டு வெளிநடப்புச் செய்திருக்கிறார். அதைத் தன் வாயிலேயே கண்டதும் பயந்துபோனார். வேகமாக ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீங்க இதைத் தீர்த்து வெச்சுட்டுத்தான் போகோணும்."

"கேளுங்க."

"அவளுக்குக் கூலி குடுத்தா நான் மொதலாளி. குடுக்காம விட்டா அதைவிடக் கேவலம். இத்தனை வருஷம் எந்தப் பக்கம் நிக்கறோம்னு தெரிஞ்சே நின்னவன் நான். இப்ப சொல்லுங்க, நான் யாரு?"

ஜெசிந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அக்கா இன்னும் நின்னுட்டுத்தான் இருக்காங்க, தோழர்."