ஒன்பதாம் பிரிவுக்குக் காவல்

சென்னியப்பன் சட்டம் படிக்கப் போனது ஐம்பத்திரண்டு வயதில். அதற்கு முன் கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருந்தார். பம்புக்கு இரும்பு உடல் வார்க்கிற பவுண்டரி. இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அந்த உலை அணைந்து போனதற்கு ஒரே ஒரு வரிதான் காரணம். அந்த வரியை ஒழித்துவிட்டுத்தான் சாவேன் என்று கல்லூரிப் படியேறினார்.

அவருக்கு ஆசிரியராக வாய்த்த கருணாம்பிகைக்கு வயது முப்பத்தெட்டு. சென்னியப்பன் அவரை "மேடம்" என்பார். கோபம் வந்தால் மட்டும் மேடம் அம்மிணி ஆகிவிடும். கருணாம்பிகைக்கு இவர் எப்போதும் அண்ணாதான்.

அந்த வரி இதுதான்: "எங்கள் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் இந்தப் பில்லை யாருக்கும் மாற்றித் தரக்கூடாது." வாங்குகிற பெரிய கம்பெனி ஆர்டர் தாளின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அடித்திருக்கும். சரக்கு இன்றைக்குக் கப்பல் ஏறிவிடும். பணம் நூற்றிருபது நாள் கழித்து வரும். அதுவரை கூலிக்கு என்ன செய்வது, கரிக்கு என்ன செய்வது? பில்லை ஒரு நிதி நிறுவனத்துக்குக் கைமாற்றினால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை உடனே தருவார்கள். நாள் வந்ததும் வாங்கியவனிடம் அவர்களே வசூலித்துக்கொள்வார்கள். உலகமெல்லாம் நடக்கிற வியாபாரம் இது. அந்த ஒரு வரி இருந்தால் நடக்காது. தானும் தரமாட்டான், தருகிறவனையும் கிட்டே விடமாட்டான். இதற்குப் பெயர் ஒப்பந்தம்!

நாற்பது நாடுகள் கூடி இதற்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தன. எந்த நாடும் அதை எடுத்துத் தன் சட்டமாக ஆக்கிக்கொள்ளலாம். அதன் ஒன்பதாம் பிரிவு ஒரே வாக்கியம். 'ஒப்பந்தம் தடுத்தாலும் பில்லைக் கைமாற்றியது செல்லும்.'

அதை முதன்முதலில் படித்த அன்று சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

கூட்டத்துக்குப் போன நம் நாட்டுக் குழுவில் இரண்டே பேர். கருணாம்பிகை, அவருக்கு உதவியாகச் சென்னியப்பன். மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்து அறையில் இன்னொரு சிறு குழுவுக்குக் கருணாம்பிகை போகவேண்டியிருந்தது.

"நான் வர்ற வரைக்கும் இந்த நாற்காலியைப் பாத்துக்கங்கண்ணா" என்றார்.

"நாற்காலியை யாரு தூக்கிட்டுப் போறாங்க?" என்று சிரித்தார் சென்னியப்பன்.

அவர் போய் கால் மணி நேரம் ஆகவில்லை. எதிர் வரிசையில் ஒருவர் தம் நாட்டின் பெயர்ப்பலகையைச் செங்குத்தாக நிறுத்தினார். பேச விரும்புகிறவர் அப்படிச் செய்வது அந்த மன்றத்தின் வழக்கம். பெரிய கம்பெனிகள் நிறைந்த நாடு அது. ஆள் வெள்ளைத் தலை, சர்க்கரைப் பாகு மாதிரிக் குழைந்த குரல். சென்னியப்பன் முதல் நாளே அவருக்கு ஜீரா என்று பெயர் வைத்துவிட்டார். முன்னால் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க், பக்கத்தில் சின்ன பிஸ்கட் டப்பா.

ஜீரா சொன்னார்: "ஒன்பதாம் பிரிவு அருமையான பிரிவு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். 'வாங்கியவர் மறுத்தால் தவிர' என்று சேர்த்துக்கொள்ளலாம்."

சென்னியப்பனுக்கு உச்சந்தலையில் கொதித்தது. பலகையை நிறுத்தினார். பேசினார். பேச்சா அது! பத்து நிமிஷம். "மறுத்தால் தவிர என்றால் அப்புறம் சட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? மறுக்கிறவனைத் தடுக்கத்தானே சட்டம்? அவனிடமே போய் மறுக்கிறாயா என்று கேட்பீர்களா?" என்றார். பவுண்டரியைச் சொன்னார். இருபத்திரண்டு பேரைச் சொன்னார். நிதி நிறுவனத்தான் ஆர்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிய கதையைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர்களே திணறிப் போனார்கள்.

"மனதைத் தொடும் அனுபவம். நன்றி" என்றார் ஜீரா. ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்.

அந்தத் தேநீரைத்தான் சென்னியப்பனால் தாங்க முடியவில்லை. மொழிபெயர்ப்புக் கேட்கிற காதுக் கருவியைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். எழுந்தார். கதவு அதிர வெளியே வந்தார். நடைபாதையில் காப்பி மிஷின் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு தீவு நாட்டுக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. முப்பது வருஷத்தில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

உள்ளே தலைவர் கேட்டார்: "திருத்தத்துக்கு ஆட்சேபம் உண்டா?"

ஒருவரும் பேசவில்லை. சுத்தியல் விழுந்தது.

சாயங்காலம் சிற்றுண்டிச் சாலையில் கருணாம்பிகை எதிரே வந்து உட்கார்ந்ததும் சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"இது அக்கிரமம் இல்லீங்களா அம்மிணி? அத்தனை நாட்டுக்காரனும் காதுல மாட்டிக் கேட்டான். ஆட்சேபம் இல்லைன்னு எழுதி வெச்சுட்டானுக! நான் கத்துனதுக்கு என்ன பேரு?"

"கருத்துன்னு பதிவு பண்ணியிருக்காங்க."

"கருத்தா!"

"தலைவர் கேட்டப்ப எங்க இருந்தீங்கண்ணா?"

"காப்பி மிஷின்கிட்ட. பின்ன அங்கயே உக்காந்து அந்தாளு டீ குடிக்கிற அழகைப் பாக்கச் சொல்றீங்களா?"

கருணாம்பிகை கையை நீட்டினார்.

"அந்த ஆர்டர் தாளைக் குடுங்க."

பவுண்டரியை மூடிய நாளிலிருந்து சென்னியப்பனின் சட்டைப்பையில் இருக்கிற தாள். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தார். கருணாம்பிகை பின்பக்கத்தைத் திருப்பி அவர் முன்னாலேயே வைத்தார்.

"கடைசி வரியைப் படிங்க."

"எதுக்கு?"

"படிங்கண்ணா."

சென்னியப்பன் படித்தார். "ஏழு நாளுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் மேற்கண்ட விதிகள் எல்லாம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்."

"அப்ப இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாக்காம? போன்ல அவங்க ஆளை அரை மணி நேரம் கிழி கிழின்னு கிழிச்சேன்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

சென்னியப்பன் மேசையில் ஓங்கிக் குத்தினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

"எழுதிக் குடுத்திருந்தா ஆர்டர் போயிருக்கும்! இருபத்திரண்டு பேர் சோறு போயிருக்கும்! என்ன பேசறீங்க அம்மிணி? கடைசியில தப்பு என் மேலயா?"

"இல்லீங்கண்ணா. உங்க மேல இல்ல. அங்க வாயைத் தொறந்தா ஆர்டர் போயிரும்."

தாளை அதன் மடிப்புகளிலேயே மடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இங்க எந்த ஆர்டர் போகும்?"

சென்னியப்பன் தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மெல்லக் கேட்டார். "முடிஞ்சுருச்சுங்களா மேடம்?"

"கடைசி நாள் அறிக்கை படிப்பாங்க. இருநூத்திப் பதினாலு பத்தி. ஒவ்வொண்ணுக்கும் ஆட்சேபம் உண்டான்னு கேப்பாங்க. நம்ம ஒன்பதாம் பிரிவு வர்றது நூத்தி எண்பத்தேழு."

"அன்னிக்கு நான் என்ன பேசோணும்?"

"ஆட்சேபம்னு ஒரு வார்த்தை."

"அவ்வளவுதானா? பவுண்டரி? ஆளுக?"

"கேட்டா சொல்லுங்க."

கடைசி நாள் காலை பத்து மணிக்குச் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் கருணாம்பிகை. பத்தி ஒன்று, பத்தி இரண்டு என்று ஊர்ந்தது. நாற்பதாம் பத்தியில் ஒரு காற்புள்ளிக்காக இரண்டு நாடுகள் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றன. சாப்பாட்டு நேரம் வந்தது. இடைவேளை விடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போய் வந்தார்கள். சென்னியப்பனுக்கு முழங்கால் குடைந்தது. அடிவயிறு கல்லாக இருந்தது. அசையவில்லை.

நாலரை மணிக்கு ஜீரா அவர் பக்கம் வந்து குனிந்தார்.

"களைத்துத் தெரிகிறீர்கள். காப்பி குடித்துவிட்டு வாருங்களேன். நம் பத்திக்கு இன்னும் நேரமிருக்கிறது. வந்தால் ஆள் விட்டுச் சொல்கிறேன்."

அப்போது படித்துக்கொண்டிருந்தது நூற்று எண்பத்து நான்காம் பத்தி.

என்ன நெஞ்சழுத்தம்! சென்னியப்பனின் தொடை தானாக விறைத்தது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"காப்பி எனக்கு ஆகாதுங்க" என்றார்.

ஜீரா சிரித்துக்கொண்டே தம் இடத்துக்குப் போனார்.

"பத்தி நூற்று எண்பத்தேழு. ஆட்சேபம் உண்டா?"

சென்னியப்பன் பலகையை நிறுத்தினார். "ஆட்சேபம்."

தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "காரணம்?"

உட்கார்ந்தபடியே சொன்னார். இந்தமுறை இரண்டு நிமிஷம்தான். குரல் உயரவில்லை. முடித்ததும் பலகையைப் படுக்கவைக்காமல் அப்படியே பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தீவு நாட்டுக்காரரின் பலகை எழுந்தது. அதற்குப் பின்வரிசையில் இரண்டு. எண்ணியபோது ஏழு இருந்தன.

உடன்பாடு ஆகாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் போட்டு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவது அந்த மன்றத்தின் முறை. 'வாங்கியவர் மறுத்தால் தவிர' அடைப்புக்குள் போனது.

நடைபாதைக்கு வந்ததும் சென்னியப்பன் வெடித்தார்.

"இவ்வளவுதானுங்களா அம்மிணி? கம்பிக்குள்ள போட்டானுக, தூக்கி வெளிய எறியலையே! அடுத்த வருஷமும் இதே வேலையா? நாளெல்லாம் ஒண்ணுக்குக்கூடப் போகாம உக்காந்தது இதுக்குத்தானா? அடுத்த வருஷம் அந்த ஜீராவும் வருவானில்ல?"

"பதினோரு வருஷமா வர்றாருங்கண்ணா."

"ஒரு தடவையாவது தோத்துப்போய் எந்திரிச்சு ஓடியிருக்கானா?"

கருணாம்பிகை கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். சென்னியப்பனும் பார்த்தார். மன்றம் காலியாகிவிட்டது. ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மேசையில் சிந்திய பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டு, நிதானமாக மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் வர்றப்ப, ஃபிளாஸ்க் ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்கண்ணா" என்றார் கருணாம்பிகை.