தலைக்கு ஒரு முறை

கோடையில் காட்டுக் குளம் வற்றிவிட்டது. மிஞ்சியது பாறையிடுக்கில் ஒரே ஓர் ஊற்று. ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் அதற்குள் நுழையும்.

ஆமையார் காவலுக்கு உட்கார்ந்தார். "தலைக்குப் பத்து மடக்கு! குடிச்சவங்க வரிசையின் கடைசிக்குப் போகணும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்!" என்றார். நல்ல மனசுதான், பாவம்.

சருகுமான் மருதி தனி ஆள். அவளுடைய குட்டி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. புதருக்குள் படுத்துக் கிடந்தது. அவள் தண்ணீர் குடித்தால்தான் அதற்குப் பால்.

காட்டுப்பன்றித் தலைவன் முரடன் சட்டத்தைக் கேட்டுச் சிரித்தான். "தலைக்குத்தானே முறை? தலைகளைக் கூட்டிடுவோம்!"

பக்கத்துக் காட்டிலிருந்து மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொந்தபந்தம் முழுவதையும் வரவழைத்தான். வரிசை மலைப்பாம்பாக நீண்டது. காலையில் வந்துகொண்டிருந்த மருதியின் முறை மாலைக்குப் போனது. பிறகு மறுநாளுக்குப் போனது.

"ஆமையாரே! அவங்க எல்லாரும் ஒரே குடும்பம். நானும் என் குட்டியும் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு முறைன்னு வைங்களேன்! என் மடி வத்திப்போச்சு!" என்று கெஞ்சினாள் மருதி.

"உனக்காகச் சட்டத்தை வளைச்சா நான் நடுநிலை தவறினவனாயிடுவேன். பொறுத்துக்கோ!"

"நான் பொறுப்பேன். குட்டி பொறுக்குமா?"

ஆமையார் வரிசையை எண்ணத் திரும்பிவிட்டார். வயிறு நிறைந்த ஒரு பன்றி தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி விளையாடிக்கொண்டிருந்தது.

கடைசியில் முறை வந்தது. "வா மருதி, குடி!" என்றார் ஆமையார்.

மருதி அசையவில்லை. "குட்டி காலையிலேயே போயிடுச்சு" என்றாள்.

ஆமையாரின் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. "நான் யாரையும் ஏமாத்தலையே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க. சரியாத்தான் எண்ணினீங்க. தலையை மட்டும் எண்ணிட்டீங்க."

அன்றே சட்டம் மாறியது. குடும்பத்துக்கு ஒரு முறை. அதற்குள் யார் குடிப்பது என்பது அந்தக் குடும்பத்தின் பாடு. கூட்டம் சேர்த்ததில் இனி லாபமில்லை, தன் பங்குதான் குறைகிறது என்று கண்ட முரடன், சொந்தக்காரர்களைத் தானே திருப்பி அனுப்பினான்.

மருதிக்கு இப்போது தினமும் தண்ணீர் கிடைத்தது. மடியில் பால் ஊறியது. குடிக்கத்தான் யாருமில்லை.

காட்டு ஊற்றானாலும் சரி, பல வேலைகள் காத்து நிற்கும் கணினியின் நேரமானாலும் சரி, முதலில் குழுவுக்கும் பிறகுதான் குழுவுக்குள் தலைக்கும் பங்கிட வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் சேர்த்தவன் கொழுப்பான், தனியாக வந்தவன் காத்திருந்தே அழிவான்.