பக்கம் நூற்றுப் பன்னிரண்டு

“அவர் பொய் சொல்லிட்டார், அம்மா” என்றார் வைரவநாதன்.

பூரணியம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யாரு?”

“இராயப்பன்.”

எழுத்தாளர் இராயப்பன் இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

உப்பு லாரியின் மேல் உட்கார்ந்து பாலைவனத்தைக் கடந்தவர். பாய் கிழிந்த தோணியில் ஒன்பது நாள் கடலில் கிடந்தவர். தன்னைக் கரடி துரத்திய கதையைக் கரடிக்காகப் பரிந்து எழுதியவர்.

பதினான்கு புத்தகங்கள். பதினான்குக்கும் புரூஃப் பார்த்தவர் வைரவநாதன்.

ஊர் திரும்பியதும் இராயப்பன் நேராக அச்சகத்துக்குத்தான் வருவார். போன இடத்திலிருந்து தின்பதற்கு ஏதாவது கொண்டுவருவார். ஒருமுறை கொண்டுவந்த கருவாட்டின் வாடை நான்கு நாள் அச்சகத்தை விட்டுப் போகவில்லை. “அந்த ஊர்க் காத்து இப்படித்தான் இருக்கும், நாதன். மூச்ச நல்லா இழுங்க” என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் வைரவநாதன் அவர் எழுத்தைத் திருத்துவார்.

வைரவநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவர் போனது குறைவு. மனதில் ஏதாவது குடைந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பூரணியம்மாவிடம் வருவார். அம்மா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். தோட்டம் போடுவார். வருகிறவர்கள் கேட்டால் பதில் சொல்வார். சில நாள் சொல்லமாட்டார்.

வைரவநாதன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மலையடிவாரத்திலிருந்து வந்தது. சடையன் என்ற வழிகாட்டி, மகளை எழுதச் சொல்லியிருந்தார்.

*ஐயா இறந்துபோனதாக இப்போதுதான் கேள்விப்பட்டேன். கூகைமுடி உச்சிக்கு ஐயா போகவே இல்லை. அவர் புத்தகத்துக்கு வேலை பார்த்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். மீதியை நேரில் வந்தால் சொல்கிறேன்.*

“கூகைமுடிதானே அவரோட பெரிய பேரு?” என்றார் அம்மா.

“ஆமா. நூத்துப் பன்னிரண்டாம் பக்கம். அதப் படிக்காதவங்க இல்ல.”

“எனக்குச் சொல்லுங்க.”

புத்தகம் தேவைப்படவில்லை. வைரவநாதன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“உச்சியில் காற்று நின்றுவிட்டது. இரண்டு பாறைகளுக்கு நடுவே கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் ஒரு மேகம் இறங்கி நின்றது. கலைந்துவிடாமல் மெல்லக் குனிந்தேன். குடித்தேன். இத்தனை நாள் தொண்டையில் இருந்த எல்லாத் தாகமும் அடங்கியது.”

“நல்லா இருக்கு.”

“பொய், அம்மா.”

“நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்.”

வைரவநாதன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்.

“என் சம்சாரம் உண்ணாமலை ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. தண்ணி தண்ணின்னு கேட்டா. எனக்கு வேற வழி தெரியல. இந்தப் பக்கத்த வாசிச்சுக் காட்டினேன். திரும்ப வாசிங்கன்னா. கடைசி நாள் மட்டும் நாலு தடவ வாசிச்சேன்.”

அம்மாவின் கை நின்றது.

“போற உயிருக்கு நான் பொய்ய வாசிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவருக்கு நினைவுக் கூட்டம். என்னைத்தான் முதல்ல பேசச் சொல்லியிருக்காங்க. நான் என்ன பேச?”

பூரணியம்மா எழுந்தார். வாசலுக்குப் போனார். உள்ளே பார்த்துக் கிடந்த வைரவநாதனின் செருப்புகளை எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

பிறகு வந்து மறுபடி மொச்சை உரிக்க உட்கார்ந்தார்.

“அம்மா, எனக்கு வழி தெரியாது.”

“நீங்க புரூஃப் பாத்த வழிதானே?”

*

பஸ் நிலையம், ஏறவேண்டிய பஸ், இறங்கவேண்டிய முக்கு எல்லாம் வைரவநாதனுக்கு மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் வரும் பஸ் நின்றுபோய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மூன்று பஸ் மாறினார். ஒருமுறை தப்பான பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, வாழைத்தார் ஏற்றிய டெம்போவில் திரும்பி வந்தார்.

டெம்போவில் வரும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்று தெரியவில்லை.

சடையன் ஓலைக் குடிசையின் முன்னால் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். வைரவநாதன் வயதுதான் இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே லேசாக வளைந்திருந்தது.

வைரவநாதன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“அவர் ஏன் போகல?”

“நான் விழுந்துட்டேன்” என்றார் சடையன்.

“எங்க?”

“பாதி மலையில, வழுக்குப் பாறையில. கால் ஒடிஞ்சு எலும்பு வெளிய வந்துருச்சு. உச்சி அங்கருந்து தெரியுது சாமி. அரைநாள் நடந்தா போயிருக்கலாம். போயிட்டு வாங்க, நான் கெடக்கேன்னு சொன்னேன். ஐயா உச்சியத் திரும்பிக்கூடப் பாக்கல. வேட்டியக் கிழிச்சுக் கால்ல கட்டி, என்னைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டாரு.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு பகல். தண்ணி இருந்த குடுவை நான் விழுந்தப்பவே உடைஞ்சுபோச்சு. கோடையில ஓடையும் வத்திக்கிடந்துச்சு.”

வைரவநாதன் கீழே உட்கார்ந்தார்.

“எனக்குக் கண்ணு சொருகும். தூங்குனா போயிருவேன்னு ஐயாவுக்குப் பயம். பேசு சடையா, பேசுன்னு குலுக்குவாரு. பேச என்ன இருக்கு? மேல என்ன இருக்கும், அதச் சொல்லுன்னாரு. நானும் அதுவரைக்கும் உச்சிக்குப் போனதில்ல. நாக்கு ஒட்டிக்கிடக்கு. கண்ண மூடினா தண்ணிதான் தெரிஞ்சுது. அதச் சொன்னேன். பாறைக்கு நடுவுல தண்ணி, தண்ணிக்குள்ள மேகம்னு. திரும்பச் சொல்லும்பாரு. திரும்பச் சொல்லுவேன். கீழ வந்து சேர்ற வரைக்கும் அதையேதான் சொன்னேன்.”

“அந்தப் பக்கம் நீங்க சொன்னதா?”

“வார்த்த மாறாம எழுதியிருக்காருன்னு மக வாசிச்சுச் சொல்லுச்சு.”

“உங்க பேரப் போட்டிருக்கலாமே. நடந்தத எழுதியிருக்கலாமே.”

“எழுதத்தான் பாத்தாரு. நான் கால்ல விழாத குறையா வேண்டாம்னேன். வழிகாட்டியே விழுந்தான்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? மேல போயிட்டு வந்தோம்னு எழுதுங்கன்னு நான்தான் கேட்டேன். என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சரின்னாரு. அந்தப் புஸ்தகத்தப் பாத்துட்டு எத்தன பேரு வந்தாங்க! எல்லாரும் வழுக்குப் பாறை வரைக்கும் வந்து, படம் புடிச்சுக்கிட்டு எறங்கிருவாங்க. அதுல எம் புள்ளைங்க படிச்சுதுங்க.”

சடையன் கயிற்றைக் கீழே வைத்தார்.

“ஐயா இருந்தவரைக்கும் அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு. இப்ப என்கிட்ட மட்டும் இருக்கு. கனமா இருக்கு சாமி. அதான் எழுதச் சொன்னேன்.”

வைரவநாதன் உண்ணாமலையைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். நாலு தடவை வாசித்ததைச் சொன்னார்.

சடையன் முடியும்வரை கேட்டார்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க, கடைசியா?”

“போதும்னா. வயிறு நெறஞ்ச மாதிரி.”

சடையன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஒரு கம்பை எடுத்து வைரவநாதனிடம் நீட்டினார். இன்னொன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

“எங்க?”

“மேல. விழுந்த எடத்தத் தாண்ட எனக்கு இத்தன வருஷம் மனசு வரல. நீங்க கூட வந்தா வரும்.”

“எனக்கு மலையேறத் தெரியாது.”

“எனக்குக் காலு சரியில்ல. கணக்குச் சரியாப் போச்சு.”

*

ஒருவர் நடக்க, ஒருவர் உட்கார, ஒருவரையொருவர் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். போகப் போக வெயில் ஏறியது. அட்டைகள் கடித்தன. வழுக்குப் பாறையில் சடையன் நின்றுவிட்டார். வைரவநாதன் முதலில் ஏறினார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. மேலே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பைக் கீழே நீட்டினார்.

“புடிங்க” என்றார்.

இரண்டாம் நாள் நடுப்பகலில் உச்சியைத் தொட்டார்கள்.

நிற்க விடாமல் காற்று அடித்தது. மொட்டைப் பாறை. தண்ணீர் இல்லை. வெள்ளை வெயில். எங்கு பார்த்தாலும் வரையாட்டுப் புழுக்கை.

சடையன் சுற்றிச் சுற்றி வந்து தேடினார். ஒவ்வொரு பள்ளமாகக் குனிந்து பார்த்தார்.

“ஒண்ணுமே இல்ல சாமி.”

“ஒண்ணும் இல்ல.”

“புழுக்கைதான் இருக்கு.”

வைரவநாதனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சடையனுக்கும். இருவரும் விழுந்துவிடாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள். இராயப்பன் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் எழுதியிருப்பார் என்று வைரவநாதனுக்குத் தோன்றியது.

சடையன் கீழே தெரிந்த வழுக்குப் பாறையைப் பார்த்தார். தன் குடிசை இருக்கும் திசையைப் பார்த்தார்.

“இவ்வளவு தூரமா என்னைத் தூக்கிட்டுப் போனாரு?” என்றார்.

*

செவ்வாய்க்கிழமை காலையில் வைரவநாதன் பூரணியம்மாவின் வாசலுக்கு வந்தார். உதடு வெடித்திருந்தது. முகம் கறுத்திருந்தது. வேட்டியில் சேறு.

நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மா அவரைவிட அவர் கால்களில் இருந்த அட்டைக்கடித் தழும்புகளையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டம் முந்தாநாளே முடிஞ்சுருச்சே” என்றார் அம்மா.

“தெரியும்மா.”

“மறுபதிப்பு வருதாமே. அந்தப் பக்கத்த எடுத்துடுவீங்களா?”

“இல்ல. ஒரு பிழைதான் இருக்கு. ‘குடித்தேன்’னு இருக்கு. ‘குடித்தோம்’னு வரணும். சடையன் சரின்னுட்டார். வர்ற வழியிலேயே அச்சகத்துல திருத்திக் குடுத்துட்டேன்.”

அம்மா தலையசைத்தார்.

“உட்காருங்க. சாப்பிட்டுப் போகலாம்.”

“நேரமில்லம்மா. பதினொரு மணி பஸ்ஸப் புடிக்கணும்.”

“நீங்களா? எங்க?”

வைரவநாதன் வெளியே கையைக் காட்டினார். புளியமரத்தடியில், தோளில் மூட்டையோடு, காலை ஒருபக்கம் சாய்த்து ஒருவர் நின்றிருந்தார். போகிற வருகிற பஸ்களையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“சடையன் கடலப் பாத்ததே இல்லையாம்.”