நூறு யானைக்கு ஒரு நேர்முகம்

வெண்மணல்பாளையத்து ராஜா அதிரூபசிங்கருக்குப் பக்கத்து நாட்டில் எதைப் பார்த்தாலும் தம் நாட்டிலும் வேண்டும். போன வருஷம் மயில் வடிவப் பல்லக்கு. இந்த வருஷம் நேர்முகத் தேர்வு.

"அங்கே அதிகாரிகளைக் கேள்வி கேட்டுத்தான் வேலைக்கு வைக்கிறார்களாம், மன்னா" என்று காதில் ஓதியவர் மந்திரி நச்சினார். அவருடைய மைத்துனன் சடாட்சரம் வேலைவெட்டி இல்லாமல் அவர் வீட்டிலேயே தின்று தீர்த்துக்கொண்டிருந்தான். மந்திரிக்கு அவனை எங்கேயாவது தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆக, முதல் தேர்வே யானைக் கொட்டடி அதிகாரி வேலைக்கு. அந்த வேலையில் ஏற்கெனவே இருந்தவன் மாசிலாமணி. சிங்காரி என்ற யானை அவன் கையால் கொடுத்தால்தான் கவளத்தைத் தொடும். அவனுக்கும் அவள் என்றால் உயிர். 'நான் பார்க்கிற வேலைக்கு நானே போட்டியிட வேண்டுமா?' என்று பொருமினான். ஆனாலும் வந்தான். யானைக்கு எந்தப் பக்கம் சோறு வைப்பது என்று கேட்கிற ஆள் சடாட்சரம். அவனிடம் சிங்காரியை எப்படி விடுவது?

தேர்வின் விதிகளும் பக்கத்து நாட்டுச் சரக்குதான். விடையைக் கரித்துண்டால் சுவரில் எழுத வேண்டும். மனதில் ஓடுவதை ஓயாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொட்டடிப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது.

மந்திரி தொடங்கினார். "நூறு யானைகள். ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி குறுகலான சந்தில் நிற்கின்றன. கடைசி யானை முதலில் வரும்படி வரிசையைத் திருப்ப..."

அதற்குள் சடாட்சரம் பாதிச் சுவரை நிரப்பிவிட்டான். "இரண்டாம் யானை முதல் யானையின் வாலை விடுகிறது, மூன்றாம் யானை..." என்று மடமடவென ஒப்பித்தான். மாமன் வீட்டில் ஒரு வாரமாக இதே சந்து, இதே நூறு யானைதான். ராஜா பலமாகத் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மாசிலாமணி கரியைத் தொடவேயில்லை. "எழுதுவதற்கு முன் சந்தேகம் கேட்கலாமா?"

"இங்கே கேள்வி கேட்பது நாங்கள்" என்றார் மந்திரி.

"கேட்டுவிட்டுப் போகட்டும்" என்றார் ராஜா.

"இந்த யானைகள் யாருடையவை, மன்னா?"

"நம்முடையவைதான். ஊரான் யானையை நான் ஏன் திருப்பப் போகிறேன்?"

"நம் கொட்டடியில் எத்தனை யானை இருக்கிறது?"

ராஜா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு விரலோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. "சிங்காரி ஒருத்திதான்" என்றார், சற்றுக் கூச்சத்தோடு. சபையில் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. தேர்வு என்றதும் அடியோடு மறந்திருந்தார்கள்.

மாசிலாமணி சுவரில் ஒரே ஒரு யானையை வரைந்தான். "வரிசையில் முதல் யானையும் இவள்தான், கடைசி யானையும் இவள்தான். திருப்பியாகிவிட்டது, மன்னா."

மந்திரிக்கு முகம் சுண்டியது. "நாளைக்கே நூறு யானை வந்தால்? என் மைத்துனன் அதற்கும் தயாராக இருக்கிறான்."

"அதைத்தான் நானும் நினைத்தேன்" என்றான் மாசிலாமணி. "நூறு யானைக்குத் தயாரானவரை ஒற்றை யானையோடு கட்டிப்போடுவது பாவம். மீதி தொண்ணூற்றொன்பதையும் அவரே காட்டிலிருந்து பிடித்து வரட்டும். அதுவரை இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. மாசிலாமணிக்கு வேலை நிலைத்தது. சிங்காரிக்கு ஒரு வண்டிக் கரும்பு பரிசு.

காட்டிலிருந்து சடாட்சரம் சொல்லியனுப்பிய சேதி மறுநாளே வந்தது: "முதல் யானையின் வாலைப் பிடித்துவிட்டேன், மாமா. அது நிற்கத்தான் மாட்டேன் என்கிறது."