எழுபத்தொன்பது லட்டும் பத்தொன்பது தலையும்

எங்கள் மேலத்தாழையில் மொத்தம் பத்தொன்பது பேர். அதில் அறிவாளி நான் ஒருத்திதான்; கல்லூரியில் கணிதம் படித்தவள். என் கல்யாணம் இப்படி ஆனதற்கு அதுதான் காரணம்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்: "நாங்கள் எழுபத்தொன்பது பேர். ஆளுக்கொரு லட்டு வரணும். குறைந்தால் கல்யாணம் இல்லை."

எங்கள் ஊரில் சீர் லட்டை இஷ்டத்துக்கு அள்ளிப் போட முடியாது. பெட்டிகளைச் சேர்த்துத் தலைச்சுமையாகக் கட்டுவோம்; ஒரு கட்டுக்குள் எத்தனை பெட்டியோ, ஒவ்வொரு பெட்டியிலும் நீளத்தில் அத்தனை, அகலத்தில் அத்தனை, உயரத்தில் அத்தனை லட்டு. ஒரு பெட்டிக் கட்டுக்கு ஒன்று, இரண்டு பெட்டிக் கட்டுக்குப் பதினாறு, மூன்று பெட்டிக் கட்டுக்கு எண்பத்தொன்று. ஒரு தலைக்கு ஒரு கட்டு.

இரண்டு நாள் கணக்குப் போட்டேன். "பதினாறுல நாலு கட்டு, ஒத்தை லட்டுல பதினஞ்சு கட்டு. பத்தொன்பது தலை வேணும் மாமா."

"உன்னைத் தள்ளினா பதினெட்டுத்தானே?" என்றார் தாய்மாமன் வேம்பையன்.

"நானும் சுமக்கிறேன்."

"கல்யாணப் பொண்ணு சுமந்தா ஊர் சிரிக்கும் ஆத்தா."

"ஊரே சுமக்குது. சிரிக்க யாரு மிச்சம்?"

எங்கள் ஊர் இளவட்டம் சடையாண்டி யோசித்துக் கேட்டான்: "ஒரு லட்டைத் தின்னுட்டா?"

"குறைஞ்சா கல்யாணம் இல்லையேடா!"

"பாதி தின்னா?"

அதை ஒரு பொழுது முழுக்க ஆலோசித்தோம்.

கடைசியில் என் படிப்பு கைகொடுத்தது. "இன்னும் ரெண்டு லட்டு பிடிங்க. எண்பத்தொண்ணு. ஒரே கட்டு, ஒரே தலை!"

ஊரே என்னைக் கும்பிட்டது. கல்யாணத்தன்று சடையாண்டி கட்டைத் தூக்கிக்கொண்டு அக்கரை மணப்பந்தலுக்குப் போனான். ஒரு தலை போதும் என்பதால் மற்ற பதினெட்டுப் பேரும் வீட்டில் இருந்துவிட்டோம். நானும்தான்.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். "பொண்ணு எங்கேம்மா?"

"லட்டு வந்து சேரலையா?" என்றேன்.

"வந்துச்சு. ரெண்டு கூடுதல். இந்தாங்க."

மாமா பதறிப்போனார். "ரெண்டு லட்டுன்னா ரெண்டு கட்டு, ரெண்டு தலை. இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

சித்தப்பா திரும்ப ஓடினார். அங்கே வேலையில்லாமல் நின்றவர் மாப்பிள்ளை ஒருவர்தான். இருவரும் தலைக்கொரு பெட்டியை இரு கையாலும் பிடித்தபடி வந்து நின்றார்கள்.

"இறக்குங்களேன், தாலி கட்டணும்" என்றார் மாப்பிள்ளை.

"சீரை இறக்கி வாங்கறது சம்பந்தி வீட்டார் வேலை. தாலி ஏறினாத்தானே நாங்க சம்பந்தி?" என்றார் மாமா.

நியாயம்தான். முகூர்த்தமோ முடியப்போகிறது. மாப்பிள்ளையின் மடியிலிருந்து தாலியை எடுத்து மூன்று முடிச்சையும் நானே போட்டுக்கொண்டேன்.

மாமா மாப்பிள்ளையைத் தலை குனியச் சொல்லி, லட்டை இறக்கினார்.