முகப்புக் கமிட்டியும் மாயழகு மடியும்

நெடுங்குளத்துப்பட்டியில் புத்திசாலிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் வேலை இருந்ததால், கமிட்டிக்கு வேறு ஆட்களைத்தான் போட வேண்டியிருந்தது.

அது வீடியோ முகப்புக் கமிட்டி. அந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் குவைத்திலும் சிங்கப்பூரிலும் பிழைத்தார்கள். ஊர்த் திருவிழாவையும் கல்யாணத்தையும் விளம்பரத் தொல்லை இல்லாமல் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று, குவைத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த தவசி ஒரு லீவில் வந்தபோது ஏற்பாடு செய்தான். பழைய பால் சொசைட்டி அறையில் ஒரு சர்வரை வைத்து, அதற்கு ஒரு முகப்புப் பக்கமும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் கமிட்டி. தலைவர் பொன்னுரங்கம். உறுப்பினர்கள் ஆவுடையப்பன், இருளாண்டி. நாலாவது ஆள் தவசியின் மைத்துனன் மாயழகு.

மாயழகு தங்கமான பிள்ளை. சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான். அதனாலேயே அவனிடம் யாரும் யோசிக்காமல் எதையும் சொல்லமாட்டார்கள். அக்கா செவந்தி வீட்டில்தான் அவன் சாப்பாடும் படுக்கையும். அக்கா மகள் கயல் என்றால் அவனுக்கு உயிர். வருகிற வெள்ளிக்கிழமை கயலுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காக அவன் கொஞ்ச நாளாக அரிசி மூட்டையை மடியில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். மூட்டை ஒருதடவைகூட அழவில்லை என்பதில் அவனுக்குப் பெருமை.

கயலின் அப்பா தவசிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளின் காதுகுத்தை அவன் முகப்பில்தான் பார்த்தாக வேண்டும். முகப்போ, பார்க்கிற கூட்டம் சேர்ந்தால் படுத்துவிடும் நிலையில் இருந்தது.

தவசி போனில் கூப்பிட்டான்.

"மாப்ளே, முகப்பு எப்படி ஓடணும்னு சர்வர்ல எழுதி வச்சிருக்கிற அமைப்புக் கோப்பைக் கொஞ்சம் திருத்தணும். பயப்படாதீங்க. எப்படிச் செய்யணும்னு எழுதவே வேண்டாம். எப்படி இருக்கணுமோ அதை மட்டும் எழுதுங்க. எழுதினபடி மெஷினே ஆக்கிக்கும். எழுதினது இருக்கும், எழுதாதது இருக்காது. அவ்வளவுதான்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கமிட்டி முழுக்க அதைக் கேட்டது.

"இது தெரியாம இத்தனை வருஷம் உழைச்சு வீணாப் போயிட்டோமே," என்றார் பொன்னுரங்கம். அவர் உழைத்ததை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"சின்னதா ஒண்ணு எழுதிப் பார்த்துடுவோம் தலைவரே," என்றான் ஆவுடையப்பன்.

'இங்கே மூன்று டீ இருக்க வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதி, சர்வர் தலைமேல் வைத்தார்கள். நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சற்று நேரத்தில் டீக்கடைப் பரமன், தினமும் வருகிற மாதிரியே வந்து, நாலு கிளாஸ் டீயை வைத்துவிட்டுப் போனான்.

"வந்துடுச்சு!" என்று இருளாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பொறுடா. நாலு இருக்கே," என்றார் தலைவர்.

"நாலாவதை நாம எழுதலையே."

"எழுதாதது இருக்கக் கூடாது."

தலைவர் நாலாவது கிளாஸை எடுத்துப் பயபக்தியோடு சாக்கடையில் ஊற்றினார். அது மாயழகின் டீ. அவனும் அதை நியாயம் என்றே நினைத்தான்.

பிறகு கோப்புக்கு வந்தார்கள். 'படம் தெளிவாக இருக்க வேண்டும். சத்தம் கணீரென்று இருக்க வேண்டும். பாயசம் நன்றாக இருக்க வேண்டும்.'

"அப்படியே என் முட்டிவலி இருக்கக் கூடாதுன்னு ஒரு வரி," என்றான் இருளாண்டி.

"மடப்பயலே, இருக்கக் கூடாததை எதுக்கு எழுதணும்? எழுதாம விட்டாலே இருக்காதே," என்றார் தலைவர்.

இருளாண்டிக்கு அது சரியென்று பட்டது. எழுந்து நடந்து பார்த்தான். வலித்தது. "எவனோ வேணும்னே எழுதி வச்சிருக்கான் தலைவரே," என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மறுநாள் தவசி மறுபடியும் கூப்பிட்டான். "ஒண்ணு விட்டுட்டேன். ஏதாவது பிழை வந்து நின்னுபோனா, தானாவே முதல்ல இருந்து தொடங்கணும். அதையும் போட்டுடுங்க."

கமிட்டியின் வேலை முதலிலிருந்து என்றால், பூட்டைத் திறப்பது, பெருக்குவது, சாமி படத்துக்குச் சூடம் காட்டுவது, அப்புறம்தான் கம்ப்யூட்டர். ஆவுடையப்பன் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினான். "பிழை!" என்றார் தலைவர். எல்லோரும் வெளியே போய்ப் பூட்டி, திறந்து, பெருக்கி, சூடம் காட்டி உட்கார்ந்தார்கள். இருளாண்டி தும்மினான். "இது பிழையா, இல்லையா?" என்று வாதம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் பூட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரிலேயே சுத்தமான இடம் அந்த அறைதான் என்று ஆகிவிட்டது. கோப்பில் மட்டும் எதுவும் ஏறவில்லை.

அதற்கப்புறம் வந்த போன்தான் மாயழகின் தலையில் விடிந்தது.

"மாப்ளே, முகப்பை ஓட்டுறதுக்குன்னு தனியா ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு வீடு இருக்கக் கூடாது. உள்ளே நுழைய அனுமதி குடுக்கக் கூடாது. அப்பத்தான் பாதுகாப்பு. புரிஞ்சுதா?"

தவசி சொன்னது நிஜ ஆளை அல்ல, மெஷினுக்குள் பேருக்கு இருக்கிற ஒரு யூசர் கணக்கை. கமிட்டியோ ஆளைத் தேடித் தெருவை எட்டிப் பார்த்தது.

"வீடில்லாத ஆள் நம்மூர்ல யார் இருக்கா?"

"ஒருத்தனும் இல்லையே. எல்லாப் பயலுக்கும் ஓலைக் கூரையாவது இருக்கு."

"அப்ப நமக்குள்ளயே ஒருத்தன் வீட்டை இல்லாம ஆக்கிட வேண்டியதுதான்," என்றார் தலைவர். "மாயழகு, உனக்குத்தான் நேத்து டீயும் இல்லாம ஆச்சு. பழகின கை."

மாயழகுக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனால் கயல் காதுகுத்தை அவள் அப்பா பார்க்க வேண்டுமே. பாயைச் சுருட்டிக்கொண்டு, அக்கா வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடிக்குப் போனான். சொசைட்டி அறைக்குள்ளும் அவனை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே நடப்பதை மேற்பார்வை பார்த்தான்.

செவந்தி சோற்றுத் தட்டோடு தெருவுக்கு வந்தாள்.

"ஏண்டா எடுபட்ட பயலே, வீட்டுக்கு வாடான்னா வரமாட்டேங்கிற. ஊர் சிரிக்குது."

"நான் வீடில்லாத ஆள்க்கா. உள்ளே நுழைய எனக்கு அனுமதி கிடையாது. எல்லாம் மச்சான் சொன்னதுதான்."

அன்றைக்கே செவந்தி குவைத்துக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று தெரியாது. தவசி பதறிப்போய்க் கமிட்டியைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அது மெஷினுக்குள்ள இருக்கிற ஆளுண்ணே! என் மச்சினனை வீட்டுக்குள்ள விடுங்க!"

பொன்னுரங்கம் சிரித்தார். "தம்பி, மெஷினுக்குள்ளயே விடக் கூடாதுங்கிற ஆளை, வீட்டுக்குள்ள எப்படி விடுறது? நீ வெயில்ல இருக்க, உடம்பைப் பாத்துக்க."

இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று தவசி போனை வைத்தான். குவைத்தில் இருந்தபடியே சர்வருக்குள் புகுந்து கோப்பைத் தானே திருத்தி முடித்துவிட்டான். காலையில் முகப்பு பளிச்சென்று ஓடியது. கமிட்டி ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டது. சூடம் காட்டியதால்தான் வந்தது என்றான் இருளாண்டி. பாயச வரியால் வந்தது என்றான் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். சொந்தபந்தமெல்லாம் கூடியது. பந்தல் காலில் செல்போனைக் கட்டினார்கள். அதில் தெரிவது அப்படியே குவைத்துக்குப் போயிற்று. கயல் பட்டுப்பாவாடையோடு வீட்டுக்குள் நின்றாள். மாமன் மடி மட்டும் வேப்பமரத்தடியில் இருந்தது.

"நல்ல நேரம் போகுது," என்றார் ஆசாரி.

"தெருவுலயே வச்சுக் குத்திடுவோமா?" என்றது ஒரு குரல்.

"எம்பொண்ணுக்குத் தெருவுல வச்சா காது குத்துவீங்க?" என்று செவந்தி பொங்கினாள். "வீட்டுக்குள்ளதான் நடக்கணும். அதுவும் என் தம்பி மடியிலதான் நடக்கணும்."

மாயழகு தன் வெறும் மடியைப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது. வாசல்படி பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

கமிட்டி ஒதுங்கி நின்று ஆலோசித்தது.

"அவன் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. சரி," என்றான் ஆவுடையப்பன். "வீடு அவன்கிட்ட வரக் கூடாதுன்னு தவசி சொல்லியிருக்கானா?"

"சொல்லலை."

"அப்ப எப்படி இருக்கணும்னு எழுதிட்டாப் போச்சு."

ஒரு பலகையில் சுண்ணாம்பால் 'இது வீட்டின் உள்ளே' என்று எழுதி, வேப்பமரத்தில் மாட்டினார்கள். இன்னொன்றில் 'இது வெளியே' என்று எழுதி, மூவரும் வீட்டுக்குள் போய் நடுக்கூடத்துச் சுவரில் ஆணி அடித்தார்கள்.

"நான் உள்ளே நுழைஞ்சதா ஆகிடாதா தலைவரே?" என்று மாயழகு கவலையோடு கேட்டான்.

"நீ எங்க நுழைஞ்ச? உட்கார்ந்த இடத்துலதான் இருக்க. நுழைஞ்சது வீடு."

செவந்தி பலகையைப் படித்தாள். வீட்டுக்குள் என்றுதான் போட்டிருந்தது. அவளும் அந்த ஊர்க்காரிதானே, சமாதானமாகிவிட்டாள். கயலைத் தூக்கி வந்து தம்பி மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். கயல் ஒரு கத்து கத்தினாள். மாமன் அதைவிடப் பெரிதாகக் கத்தினான். படம் தெளிவாகவும் சத்தம் கணீரென்றும் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தவசி அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தெருவில் பந்தி போட்டார்கள். இலை விழுந்ததும்தான் கமிட்டி வீட்டுக்குள்ளேயே நிற்பது தெரிந்தது.

"வாங்க, சாப்பிட வாங்க," என்று செவந்தி கூப்பிட்டாள்.

"எப்படிம்மா வர்றது? நாங்க வெளியே இருக்கோம். உள்ளே வர எங்களுக்கு இன்னும் யாரும் அனுமதி எழுதலையே," என்றார் பொன்னுரங்கம், கூடத்தில் நின்றபடி.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுகியது. இலையில் சாம்பாரோடு மழைத்தண்ணீரும் கலந்து ஓடியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, கயலைத் துண்டால் போர்த்தியபடி, மாயழகு நிமிர்ந்து பார்த்தான். ஓட்டு வீட்டுக்குள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்கு மனசு தாங்கவில்லை.

"அக்கா, பெரிய மழை. பாவம், அவங்க வெளியே நிக்கிறாங்க. ஒரு குடையாவது குடுத்து விடு."

குடை போயிற்று. கூடத்தின் நடுவில் அதை விரித்து, மூவரும் நெருக்கியடித்து அதற்குள் நின்றார்கள்.

இருளாண்டி கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தலைவரே, உசத்தியான குடை. ஒரு சொட்டு இறங்கலை."